கச்சான் வரக்கூடாது

நோர்வேயில் உணவகத்துக்கு வருகிறவர்கள் முதலில் தேடுவது கதிரையை அல்ல, குளிர் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொழுவ ஓர் இடத்தை. ஒக்டோபரில் தொடங்கினால் மே மாதம் வரைக்கும் இப்படித்தான். எவ்வளவு பசியோடு வந்தாலும் ஈர ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு யாரும் நிம்மதியாகச் சாப்பிடமாட்டார்கள். அதனால் வாசலில் நிற்பவர் சிரித்து, வணக்கம் சொல்லி, ஜாக்கெட்டை வாங்கிக் கொழுவிவிட்டுத்தான் மெனுவை நீட்ட வேண்டும். பத்தொன்பது வருடம் சமைத்துக்கொண்டு குசினிக்குள் நின்ற எனக்கு இது தெரியாது. பரிமாற முன்னுக்கு வந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதை ஒழுங்காகவும் செய்தேன்.

இந்த வாக்குமூலத்தை வாயால் சொல்லாமல் தமிழில் எழுதித் தருகிறேன் என்று நான் கேட்டதற்குக் காரணம் உண்டு. மொழிபெயர்ப்பாளர் உதயகுமாரியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கெட்டிக்காரி, மரியாதை தெரிந்தவர். ஆனால் ஒரு சொல் இரண்டு பேருக்கு நடுவில் போகும்போது அதற்கு என்னவெல்லாம் நடக்கலாம் என்று எனக்குத் தெரியும். எழுத்தில் இருந்தால் அவர் நின்று நிதானித்து, தேவையென்றால் அகராதியும் பார்த்து மாற்றலாம்.

என் பெயர் ரவீந்திரன். வயது அறுபத்தொன்று. ரொம்சோஸில் தனியாக இருக்கிறேன். மகேசனும் நானும் யாழ்ப்பாணத்தில் ஏழாலை என்ற ஊரில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். எண்பத்தெட்டில் இருவரும் நோர்வேக்கு வந்து சேர்ந்தோம். வடக்கே ஒரு மீன் ஆலையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று மீன் வெட்டினோம், ஒரே அறையில் படுத்தோம். சமையல் மட்டும் என்னுடையது. மகேசன் தேத்தண்ணீருக்குத் தண்ணீர் வைத்தாலே பாத்திரம் கருகிவிடும். சூரியன் எட்டிப் பார்க்காத அந்த மாதங்களில் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசாமல் கிடப்பான். நான் கொட் மீன் தலையில் ஒரு புளிக்குழம்பு வைத்து, சோற்றைப் பிசைந்து கையில் கொடுத்தால் எழும்பிச் சாப்பிடுவான். இதை அவனே பிறகு பல பேருக்கு முன்னால் சொல்லியிருக்கிறான்.

பிறகு தெற்கே தலைநகரப் பக்கம் வந்துவிட்டோம். 2005இல் ஹவுகன்ஸ்டுவா ரயில் ஸ்டேஷனுக்குக் கீழே ஒரு கடை காலியானபோது, உணவகம் தொடங்குவோம் என்றது அவன். முதல் போட்டதும், ‘ஏழாலை’ என்று பெயர் வைத்ததும் அவன். சாப்பாடு என்னுடையது. இடியப்பமும் சொதியும், கணவாய்க் கறி, ஆட்டிறைச்சிப் பிரட்டல், வெள்ளிக்கிழமை ஒடியல் கூழ். ஞாயிற்றுக்கிழமைகளில் லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிப் போன குடும்பங்கள் காரில் திரும்பி வருவார்கள். பக்கத்துக் கட்டடங்களில் இருக்கும் நோர்வேக்காரக் கிழவர்கள் செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்து மூக்கு ஒழுக ஒழுகச் சாப்பிடுவார்கள். நகர நடுவில் இருக்கிறவர்களுக்கு எங்கள் பள்ளத்தாக்குப் பக்கத்தில் சாப்பிட ஓர் இடம் இருப்பதே தெரியாது. எங்களுக்கும் அவர்கள் வராதது ஒரு குறையாகத் தெரியவில்லை. அதாவது, எனக்குத் தெரியவில்லை.

இந்த நாட்டுப் பத்திரிகைகள் உணவகங்களுக்குப் பகடையில் மதிப்பெண் போடும். ஒன்றிலிருந்து ஆறு வரை. 2011இல் ஒரு பத்திரிகைக்காரர் வழி தவறி எங்களிடம் வந்து நாலு போட்டார். ‘வீட்டுச் சாப்பாடு போல’ என்று எழுதினார். நான் அதை வெட்டிக் குசினிச் சுவரில் ஒட்டினேன். மகேசனுக்கு அது பிடிக்கவில்லை என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

இனி ஆரணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆரணி மகேசனின் ஒரே பிள்ளை. அவளுக்கு நாலு வயதாக இருந்தபோது ஹவுகன்ஸ்டுவாவில் ஒரு பிறந்தநாள் வீட்டில் யாரோ கச்சான் அல்வாத் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்தார் கச்சான் என்பதைத் தமிழ்நாட்டார் வேர்க்கடலை என்பார்கள், கடலை என்றும் சொல்வார்கள். நோர்வேஜிய மொழியில் பேயநோத்தர். இந்த நாலு சொல்லையும் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் பிள்ளையின் முகம் வீங்கிக் கண் மூடிவிட்டது, மூச்சு விசில் அடித்தது. மகேசன் நடுங்கிக்கொண்டு நின்றான். நான்தான் அவளைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினேன். வைத்தியசாலை வரைக்கும் அவள் என் கழுத்தைப் பிடித்திருந்த பிடி எனக்கு இன்னும் தெரியும்.

அன்று முதல் ஆரணியின் ஜாக்கெட் உள்பையில் அவசர ஊசி ஒன்று இருக்கும். எங்கள் குசினிக்குள் கச்சான் வந்ததே இல்லை. அவள் கடைக்கு வந்து சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்ததும், “மாமா, இதிலை கச்சான் இருக்கோ?” என்று கேட்பாள். “மாமா சமைச்சதிலை கச்சான் இராது, சாப்பிடு” என்று நான் சொல்வேன். ஏழு வயதிலும் கேட்டாள். பல் வைத்தியராகிப் பேர்கனில் வேலைக்குப் போன பிறகும், லீவில் வந்தால் சிரித்துக்கொண்டு அதையே கேட்பாள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும்.

போன வருடம் ஓகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மகேசன் ஒரு பெடியனைக் கூட்டிக்கொண்டு குசினிக்குள் வந்தான்.

“ரவி, இவர் அபிலாஷ். இந்தியாவிலை பெரிய ஹோட்டல்களிலை வேலை செய்தவர். இனி குசினியை இவர் பாப்பார்.”

நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். “அப்ப நான்?” என்றேன்.

“உன்ர முழங்கால் ஏலாமல் கிடக்கு மச்சான். நீ முன்னுக்கு நில். ஆக்களை உனக்குத்தானே தெரியும்.”

என் முழங்கால் ஏலாதுதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தியாவிலிருந்து ஒருவரை வேலைக்கு எடுப்பிக்க விண்ணப்பம், அனுமதி என்று ஆறு மாதமாவது ஆகும். அந்த ஆறு மாதமும் மகேசன் ஒவ்வொரு மத்தியானமும் என் சோற்றைச் சாப்பிட்டான். குழம்பு ஊற்றச் சொல்லிக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். பிறகு முகம் கழுவிவிட்டு வந்து வெங்காயத்தை வெட்டி முடித்தேன், ஏனென்றால் அன்றைய சமையல் இன்னும் என்னுடையதாகத்தான் இருந்தது.

அடுத்த மாதம் பெயர்ப் பலகையும் போனது. நோர்வேக்காரருக்கு ‘ழ’ வாயில் வராதாம், அதனால் ‘செட்டிநாடு’. பத்தொன்பது வருடமாக வராத ‘ழ’ அந்த வருடம்தான் அவனுக்குப் பிரச்சினையாகத் தெரிந்தது. அபிலாஷ் செட்டிநாட்டுக்காரனும் இல்லை, நாமக்கல்காரன். சுவரில் இருந்த என் பத்திரிகைத் துண்டைப் பெயின்ற் அடிக்கிறவர்கள் கிழித்துப் போட்டுவிட்டார்கள்.

அபிலாஷில் எனக்குக் கோபம் இல்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நல்ல பெடியன், கை சுத்தம், பெரியவர்களுக்கு மரியாதை கொடுப்பான். வந்த முதல் வாரம் மகேசன் அவனுக்குக் குசினி ஒழுங்குகளைச் சொன்னான். நானும் பக்கத்தில் நின்றேன்.

“தம்பி, முக்கியமானது ஒண்டு. என்ர மகள் இஞ்சை வந்து சாப்பிடுறவ. அவவுக்குக் கச்சான் ஒத்துக்கொள்ளாது, உயிருக்கே ஆபத்து. இந்தக் குசினிப் பக்கம் கச்சான் வரவே கூடாது. விளங்கிச்சோ?”

“சரிங்க சார்,” என்றான் அபிலாஷ்.

முதலாளி போன பிறகு என்னிடம் வந்தான். நாங்கள் பின்கதவடியில் நின்றோம். அந்தக் கதவு ரயில் பாதைப் பக்கம். திறந்தால் காற்று ஆளைத் தள்ளும்.

“அண்ணே, தப்பா நினைக்காதீங்க. கச்சான்னா என்னண்ணே?”

“கச்சான் எண்டால் ஒரு காத்து தம்பி,” என்றேன்.

அது பொய் அல்ல. எங்கள் ஊரில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கும் கச்சான் என்றுதான் பெயர். கடலுக்குப் போகிற எவரைக் கேட்டாலும் சொல்வார்.

“காத்தா? அது பட்டா என்ன ஆகும்?”

“கச்சான் பட்டால் அந்தப் பிள்ளைக்கு மூச்சு முட்டும்.”

“ஐயோ பாவம்,” என்று சொல்லிவிட்டுப் போய்ப் பின்கதவைச் சாத்தினான். அடுத்த நாள், தூத்துக்குடிக்கார நண்பன் ஒருவனிடம் போனில் கேட்டதாகவும், அவனும் கச்சான் என்பது காற்றுத்தான் என்று சொன்னதாகவும் என்னிடம் வந்து சொன்னான். அடுப்புக்கு மேலே இருந்த வெள்ளைப் பலகையில் தன் கையாலேயே ‘கச்சான் வரக்கூடாது’ என்று எழுதிவைத்தான். மகேசன் அதைப் பார்த்துவிட்டு, பொறுப்பான பெடியன் என்று மெச்சினான்.

நான் அதை ஒரு பகிடியாகத்தான் சொன்னேன். இரண்டு நாளில் திருத்திச் சொல்லலாம் என்று இருந்தேன். யாராவது என்னிடம் ஏதாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஆனால் குசினி விஷயத்தில் என்னிடம் எதையும் கேட்க வேண்டாம் என்பதுதானே மகேசனின் புது ஒழுங்கு.

டிசம்பரில் நத்தார் லீவுக்கு ஆரணி வந்தாள். அபிலாஷ் பின்கதவின் கீழ் இடுக்கில் துணியை அடைத்துவிட்டு, யன்னலையும் இறுக்கி மூடிவிட்டு, குசினிக்குள் வேர்த்து ஒழுகிக்கொண்டு அவளுக்குப் பூரி பொரித்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போது அந்தக் குசினியில் கச்சான் கிடையாது, அதனால் ஒருவருக்கும் ஒரு ஆபத்தும் இல்லை.

ஜனவரியில் அபிலாஷ் மகேசனிடம் வந்தான். காசு மேசைக்குப் பக்கத்தில் நான் கரண்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“சார், தோசைக்கு கடலைச் சட்னி போடலாமா? நல்லா போகும்.”

“கடலையோ? போடு, போடு. ஆரணிக்கும் கடலை எண்டால் நல்ல விருப்பம்.”

யாழ்ப்பாணத்தில் கடலை என்றால் கொண்டைக்கடலை. அவித்து, தேங்காய்ச் சொட்டுப் போட்டுத் தாளித்துச் சாப்பிடுவது. மகேசன் அதைத்தான் நினைத்தான். அபிலாஷ் சொன்னது வேர்க்கடலையை. இருவரும் ஆளையாள் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். இரண்டு கடலையும் தெரிந்தவனாக அந்த இடத்தில் நின்றது நான் மட்டும்தான். நோர்வேக்கு வருவதற்கு முன்னால் வெளிநாடு அனுப்பும் ஏஜென்சிக்காகக் காத்துக்கொண்டு ஆறு மாதம் சென்னையில் இருந்தவன் நான். கடற்கரையில் கச்சான் கேட்டு, விற்கிறவன் முழித்ததும், கடைசியில் கையால் காட்டி வாங்கியதும் எனக்கு மறக்கவில்லை. மகேசன் கொழும்பிலிருந்து நேரே வந்து என்னோடு சேர்ந்துகொண்டவன்.

நான் எதையும் மறைக்கவில்லை. நோர்வேஜிய மெனுவை எழுதுவது என் வேலை. ஒவ்வாமைப் பட்டியலில் அந்தச் சட்னிக்கு நேரே பேயநோத்தர் என்று தெளிவாக எழுதினேன். வருகிறவர்களிடம் வாயாலும் கேட்டேன். இரண்டு தரம் ஆட்களைத் தடுத்து வேறு சட்னி கொடுத்திருக்கிறேன். எங்கள் கடையில் வேறு எவருக்கும் எதுவும் நடக்கவில்லை. மகேசன் அந்த மெனுவை ஒருநாளும் வாசிக்கவில்லை. வயிற்றுப் புண் என்று உறைப்புச் சட்னியைத் தொடுவதும் இல்லை. அபிலாஷுக்கு நோர்வேஜிய மொழி வாசிக்கத் தெரியாது. ஆரணி தன் சொந்தக் கடையில் மெனுவைப் பார்க்கிறவள் அல்ல.

மார்ச் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பத்திரிகையில் வந்தது. இந்த முறை பகடையில் ஐந்து. ‘பள்ளத்தாக்கில் ஒளிந்திருந்த மாணிக்கம்’ என்று தலைப்பு. அபிலாஷின் படம் அரைப் பக்கத்துக்கு இருந்தது. கீழே மகேசன் சொன்னதாக ஒரு வரி. “இவ்வளவு வருடமும் ஆட்களின் பசியை ஆற்றிக்கொண்டிருந்தோம். இப்போதுதான் கடைசியில் எங்களுக்கு ஒரு உண்மையான சமையற்காரர் கிடைத்திருக்கிறார்.”

பத்திரிகைக்காரர்கள் கூட்டிக் குறைத்து எழுதுவார்கள் என்று நினைத்து மகேசனிடமே கேட்டேன்.

“நீ இப்பிடிச் சொன்னனியோ?”

“ஓமடா, ஒரு விளம்பரத்துக்குத்தானே. நீ ஏன் அதைப் பெரிசா எடுக்கிறாய்?”

“அப்ப நான் ஆர்?”

“ஐயோ ரவி, நீ எங்கட ஆள்,” என்று சொல்லித் தோளில் தட்டிவிட்டு, போனை எடுத்துப் பேசிக்கொண்டு போனான்.

எங்கட ஆள். கடைக்கு முன்னால் பனி வழிக்கிறவனும் எங்கட ஆள்தான். அன்றிரவு நான் நன்றாகத்தான் தூங்கினேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகேசன் முப்பது பேருக்கு விருந்து வைத்தான், பகடை ஐந்து விழுந்ததற்காக. ஆரணி பேர்கனிலிருந்து காலை விமானத்தில் வந்தாள். மகேசனின் மனைவி மங்களேஸ்வரிக்கு முதியோர் இல்லத்தில் வார இறுதி வேலை. அவர் இருந்திருந்தால் எல்லாக் கோப்பையையும் மணந்து பார்த்திருப்பார்.

வெளியே பனி உருகிச் சேறாகக் கிடந்தது. நான் வாசலில் நின்று ஒவ்வொருவராக ஜாக்கெட்டை வாங்கினேன். ஆரணியின் மஞ்சள் ஜாக்கெட்டை வாங்கியபோது உள்பையைத் தடவிப் பார்த்தேன். ஊசி இருந்தது. இருபத்திரண்டு வருடப் பழக்கம் அது. முன்பெல்லாம் அதை எடுத்துக்கொண்டு போய் அவளுடைய கோப்பைக்குப் பக்கத்தில் வைப்பேன். அன்று என் கையில் வேறு ஜாக்கெட்டுகளும் இருந்தன. கொழுவினேன்.

அபிலாஷ் சுடச்சுடத் தோசைகளைக் கொண்டுவந்து மேசைகளில் வைத்துக்கொண்டு திரிந்தான். ஆரணிக்கு முன்னால் தோசையும் அந்தச் சிவப்புக் கடலைச் சட்னியும் வந்தன. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“மாமா, இதிலை கச்சான் இருக்கோ?”

“மாமா சமைக்கேல்லைப் பிள்ளை,” என்றேன். “சமைச்சவரைக் கேள்.”

அவள் என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். நான் கவலையில் இருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், என் கையை மெல்லப் பிடித்து அழுத்தினாள். பிறகு அடுத்த மேசையில் தோசை வைத்துக்கொண்டு நின்ற அபிலாஷைக் கூப்பிட்டாள்.

“அண்ணா, இதிலை கச்சான் இருக்கோ?”

எங்கள் பேச்சில் ‘இதிலை’ என்றால் இந்தச் சாப்பாட்டில் என்றும் வரும், இந்த இடத்தில் என்றும் வரும். இதிலை இருங்கோ, இதிலை நில்லுங்கோ என்று சொல்வோம். அந்த எட்டு மாதத்தில் அபிலாஷ் அதை எங்களிடமிருந்து பழகியிருந்தான்.

“இல்லவே இல்ல மேடம்,” என்றான் பெருமையாக. “நீங்க வர்றீங்கன்னு காலையிலேயே எல்லாக் கதவையும் சாத்திட்டேன்.”

முப்பது பேரின் இரைச்சலில் அவளுக்கு முதல் பாதி கேட்டது. மற்றப் பாதியை, இங்கே பிறந்த பிள்ளைகள் இந்தியத் தமிழுக்குச் சிரிப்பதுபோலச் சிரித்து விட்டுவிட்டாள். எனக்கு இரண்டு பாதியும் கேட்டது. தோசையைக் கிள்ளிச் சட்னியில் தோய்த்து வாயில் வைத்தாள். நான் தண்ணீர்க் குவளையை நிரப்பினேன்.

இரண்டாவது வாயில் அவளுக்கு விளங்கிவிட்டது. பல் வைத்தியர் அல்லவா. கழுத்தில் கையை வைத்துக்கொண்டு எழும்பினாள், வாசல் பக்கம் கையைக் காட்டினாள், “ஊசி” என்றாள். மகேசன் கத்தினான். “ரவி! ஜாக்கெட்! ஜாக்கெட்டை எடு!”

அபிலாஷ் ஓடிவந்தான். அவளுக்கு மூச்சு இழுப்பதைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போனது. “எங்கயோ கதவு தெறந்திருக்கு,” என்று சொல்லிக்கொண்டு ஓடினான். பின்கதவைத் தள்ளிப் பார்த்தான், யன்னல்களை இழுத்துப் பார்த்தான், முன்கதவை யாரோ அம்புலன்ஸுக்காகத் திறந்து வைத்திருக்க, அவர்களோடு மல்லுக்கட்டி அதையும் சாத்தினான். பிறகு தன் ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டுவந்து ஆரணியைச் சுற்றிப் போர்த்தினான். கடைசி வரைக்கும் அவளுக்குக் காற்றுப் படாமல் மறைத்துக்கொண்டு குந்தியிருந்தான். ஏன் கதவைச் சாத்தினாய் என்று நீங்கள் அவனைப் பல தரம் கேட்டதாக அறிந்தேன். அவன் சொன்னது உண்மை.

ஊசியைக் கொண்டுவர எனக்கு ஏழு நிமிடம் ஆனது. முப்பது ஜாக்கெட்டுகள், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக, கை நடுக்கத்தில் தேடிப் பிடிக்க முடியவில்லை என்று முதல் விசாரணையில் சொன்னேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். ஆரணி செவ்வாய்க்கிழமை வைத்தியசாலையில் இறந்தாள். வயது இருபத்தாறு.

செத்தவீட்டில் நான் ஓரமாக நின்றேன். மகேசன் எல்லோரையும் விலக்கிக்கொண்டு வந்து என் தோளில் விழுந்தான். மண்டபம் முழுக்கச் சனம். எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னான்.

“நீ குசினிக்குள்ள நிண்டிருந்தால் என்ர பிள்ளை இருந்திருக்குமடா, ரவி. உன்னை விட்ட பிழை என்ர பிழையடா.”

நான் அவன் முதுகைத் தடவிவிட்டேன். ஓகஸ்ட் மாதத்திலிருந்து நான் கேட்கக் காத்திருந்தது இதைத்தான். அவன் இதை அந்த வெள்ளிக்கிழமை சொல்லியிருக்கலாம்.

அபிலாஷுக்கு வேலை போனது. ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால் ரொம்சோஸுக்கு என் வீடு தேடி வந்தான். “அண்ணே, நீங்க சொன்னதை நான்தான் தப்பா புரிஞ்சுக்கிட்டேன். உங்களையும் போலீஸ் வரைக்கும் இழுத்துவிட்டுட்டேன், மன்னிச்சிருங்க” என்று என் காலைத் தொட்டான். அவனுக்குச் சோறு போட்டேன். மீன் புளிக்குழம்பு. அழுதுகொண்டே இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான். “இப்படி ஒரு கொழம்பு நான் சாப்பிட்டதே இல்லண்ணே” என்றான். எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

அத்தோடு நானும் பேசாமல் இருந்திருப்பேன். மே மாதம் உங்கள் கடிதம் வந்தது. வழக்கை முடிப்பதாகவும், பரிமாறுபவருக்கும் சமையற்காரருக்கும் இடையில் வட்டாரச் சொல் ஒன்றால் ஏற்பட்ட தவறான விளக்கமே காரணம் என்றும், பதற்றத்தில் ஊசி தாமதமானது என்றும் எழுதியிருந்தீர்கள். நான் அதை நாலைந்து தரம் வாசித்தேன். என் குசினியில் பத்தொன்பது வருடத்தில் ஒரு பிழை நடந்ததில்லை. உப்புக் கூடியதில்லை, ஒரு கறி அடிப்பிடித்ததில்லை, ஒருவருக்கு வயிற்று வலி வந்ததில்லை. நான் பதற்றப்படுகிறவன் அல்ல. எந்தச் சொல்லுக்கு எங்கே என்ன பொருள் என்று தெரியாதவனும் அல்ல.

ஆகவே திருத்திச் சொல்கிறேன். நான் தேடவில்லை. ஆரணியின் ஜாக்கெட்டை வாசலிலிருந்து மூன்றாவது கொழுவியில் நானே கொழுவினேன். அதன்மேல் வேறொன்றும் இருக்கவில்லை. மகேசன் கத்தியதும் போனேன், அரை நிமிடத்தில் ஊசி என் கையில் இருந்தது. ஜாக்கெட்டுகளுக்கு நடுவில் நின்றேன். உள்ளே மகேசன், “ரவி, ரவி, எங்கையடா நிக்கிறாய், ஓடி வாடா” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். எட்டு மாதத்தில் அவன் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. வடக்கே அந்த அறையில் கிடந்தபோது கூப்பிட்ட அதே குரல். இன்னும் ஒரு தரம் கூப்பிடட்டும், பிறகு போவோம் என்று நின்றேன். கூப்பிட்டான். இன்னும் ஒரு தரம் என்று நின்றேன். சுவர் மணிக்கூடு எனக்கு நேரே இருந்தது. அதனால் ஏழு நிமிடம் என்பது சரியான கணக்கு.

பிள்ளையில் எனக்குக் கோபம் இருந்ததில்லை. அவளுக்குச் சாவு வரும் என்றும் நான் நினைக்கவில்லை. நாலு வயதில் தப்பினவள், இப்போதும் தப்புவாள், அப்போதுபோல நானே காப்பாற்றினவன் ஆவேன் என்றுதான் நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்திய இடம் சில நாட்களில் சூடாக இருக்கிறது. அதற்கு வைத்தியரிடம் காட்டினேன், ஒன்றும் இல்லை என்றார்.

மேலே எழுதியது முழுவதும் என் சுயநினைவோடு எழுதியது. வேண்டிய இடத்தில் கையெழுத்து வைக்கிறேன். ஒரே ஒரு திருத்தம் மட்டும் செய்யுங்கள். உங்கள் படிவத்தில் என் பெயருக்குக் கீழே, தொழில் என்ற இடத்தில், பரிமாறுபவர் என்று போட்டிருக்கிறீர்கள். அதை வெட்டிவிட்டுச் சமையற்காரர் என்று எழுதுங்கள். மகேசனைக் கேட்டாலும் இப்போது அப்படித்தான் சொல்வான்.